சாங்கியில் ஆறு மணி நேரம்

கேள்வி: என் அம்மா முதன்முறையாகத் தனியாக வெளிநாடு செல்கிறார். சென்னையிலிருந்து சிட்னி செல்லும் வழியில், சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் பகல் வேளையில் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரண்டு பயணத்துக்கும் ஒரே டிக்கெட். அங்குள்ள ஜுவல் அருவியைப் பார்க்க ஆசைப்படுகிறார். முடியுமா?
- வாசகி ஒருவர்

பதில்: முடியும், ஆனால் அருவியின் அடியில் போய் நிற்க சிங்கப்பூருக்குள் நுழையும் அனுமதி வேண்டும். 2019இல் திறக்கப்பட்ட ஜுவல் வளாகம், அங்குள்ள தமிழர்கள் ‘குடிநுழைவு’ என்று சொல்லும் இமிகிரேஷன் சோதனைக்கு வெளியே இருக்கிறது. அந்த அனுமதி இல்லாதவர் அதற்காக வெளியேற முயல வேண்டாம். அதற்குப் பதிலாக, இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு இடையே இலவசமாக ஓடும் ‘ஸ்கைட்ரெயின்’ என்ற சிறு ரயிலில் அம்மாவை ஏறச் சொல்லுங்கள். அது ஜுவலின் உள்ளேயே புகுந்து செல்வதால், கூரையிலிருந்து 40 மீட்டர் உயரத்துக்குக் கொட்டும் அருவியைச் சில நொடிகள் கண்ணாடி வழியே பார்த்துவிடலாம். மனம் நிறையாவிட்டால் அதே வண்டியில் திரும்பி வரட்டும், யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்த விமானத்தில் ஏறும் நுழைவாயில் (கேட்) எண்ணிலுள்ள எழுத்தே முனையத்தைச் சொல்லிவிடும்: சி, டி என்றால் முதலாம் முனையம், இ, எஃப் இரண்டாம் முனையம், ஏ, பி மூன்றாம் முனையம். ஜி என்றிருந்தால் நான்காம் முனையம். அங்கே ரயில் போகாது, பேருந்தில்தான் செல்ல வேண்டும்.

முதல்முறை செல்பவர்கள் திகைத்துப்போவது பாதுகாப்புச் சோதனையில்தான். முதல் மூன்று முனையங்களிலும் அது விமானம் ஏறும் நுழைவாயிலிலேயே நடக்கிறது. ஆகவே, உள்ளே கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலாக இருந்தாலும், அந்த வாசலில் காலி செய்துவிட்டுத்தான் போக வேண்டும். அதைத் தாண்டியபின் உள்ள காத்திருப்பு அறைகள் பலவற்றில் கழிப்பறை கிடையாது என்பதால், அந்த வேலையை முன்பே முடித்துக்கொள்வது நல்லது. வயதானவர்கள் ‘உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்துவிட்டு அவதிப்படுவார்கள்.

ஒரே டிக்கெட் என்பதால் பெட்டிகள் பொதுவாக நேரே சிட்னிக்கே போய்விடும். இருந்தாலும், சென்னையில் பெட்டியை ஒப்படைக்கும்போது கொடுக்கும் சிறு சீட்டில் சிட்னியைக் குறிக்கும் ‘எஸ்ஒய்டி’ (SYD) என்ற மூன்றெழுத்து இருக்கிறதா என்று அம்மாவைக் கவுன்ட்டரிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிங்கப்பூரைக் குறிக்கும் ‘எஸ்ஐஎன்’ (SIN) என்று மட்டும் இருந்தால், அங்கேயே கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.