தட்டில் செத்த கிருமியும் மாமனாரின் கால் புண்ணும்

கேள்வி: டாக்டர், நாங்கள் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். என் மகள் மதுரையில் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிக்கிறாள். எங்கள் கரிசல் காட்டு வரப்பில் பறித்த ஆடுதின்னாப்பாளை இலையைத்தான் ப்ராஜெக்டுக்கு எடுத்தாள். அதன் சாறு கிருமியைக் கொல்கிறது, சர்க்கரையையும் கட்டுப்படுத்தும் என்று ரிசல்ட் வந்திருக்கிறதாம். என் மாமனாருக்கு 64 வயது. ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிப்பிரைடும் சாப்பிடுகிறார். சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவைக்கு வெறுங்காலோடு போனதில் உள்ளங்காலில் கொப்புளம் வந்து, புண்ணாகி நிற்கிறது. வலி எதுவும் இல்லை. பேத்தியின் ரிசல்ட்டைக் கேட்டதிலிருந்து காலையில் அந்த இலையை அரைத்துக் குடிக்கிறார். புண்ணிலும் வைத்துக் கட்டுகிறார். ஒரு வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 190-லிருந்து 140-க்கு இறங்கிவிட்டது. இனி மாத்திரை எதற்கு என்கிறார். நிறுத்தலாமா?
– ஒரு வாசகி, திருமங்கலம் அருகில்

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது இலைச்சாற்றை, அதுவும் இன்றைக்கே. புண்ணில் வைத்துக் கட்டுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் மகள் செய்த சோதனை பொய் என்று நான் சொல்லவில்லை. அவள் பார்த்தது நிஜமாகவே நடந்திருக்கும். ஆனால் அந்தச் செடி அரிஸ்டோலோக்கியா என்ற இனத்தைச் சேர்ந்தது. ஈச்சுரமூலி என்றும் பெருமருந்துக்கொடி என்றும் சொல்கிறார்களே, அதுவும் இதே இனம்தான். இவற்றில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வருஷங்கள் கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றோடு வைத்திருக்கிறது.

இது எப்படித் தெரிய வந்தது என்றால், பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 1993-இல் மருத்துவர்கள் அதை எழுதினார்கள். தேடிப் பார்த்தபோது, சேர்க்க வேண்டிய ஒரு சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா இனச் செடி ஒன்று கலந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கும் மேல். அவர்களில் பலருக்குப் பின்னால் புற்றுநோயும் வந்தது. ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றின் கிளை நதிகளை ஒட்டிய கிராமங்களில் தலைமுறையாக இருந்த ஒரு சிறுநீரக நோய்க்கும், கோதுமை வயலில் களையாக முளைத்த இதே இனச் செடியின் விதை மாவில் கலந்ததுதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. 'இயற்கையானது, என்ன செய்துவிடப் போகிறது' என்று பெல்ஜியத்திலும் சொல்லியிருப்பார்கள்.

நம் வைத்திய முறைகளில் இந்தச் செடிக்கு இடம் உண்டு என்பது எனக்குத் தெரியும். பூச்சிக்கடி, கரப்பான் என்ற தோல் நோய், வயிற்றுப் பூச்சி என்று சொல்வார்கள். இன்றைக்கு இவ்வளவு தெரிந்த பிறகு, சர்க்கரை நோயாளி ஒருவர் தினமும் வெறும் வயிற்றில் இதைக் குடிப்பதை நான் ஒப்ப மாட்டேன். சித்த மருத்துவம் படித்த ஒருவரிடம் கேட்டாலும், வீட்டில் அரைத்துக் கணக்கில்லாமல் குடியுங்கள் என்று அவர் சொல்லப் போவதில்லை.

அப்படியானால் மகளின் ரிசல்ட்டில் இதெல்லாம் ஏன் தெரியவில்லை? ஆய்வகத் தட்டில் வளர்ந்த கிருமிக்குச் சிறுநீரகம் கிடையாது. அவ்வளவுதான் விஷயம். கிருமி வளர்ந்த தட்டில் சாறு தோய்ந்த சின்ன வட்டத்தாளை வைத்து, சுற்றிலும் எத்தனை மில்லிமீட்டருக்குக் கிருமி வளராமல் இருக்கிறது என்று அளப்பார்கள். கிருமி வளர்கிறதா, இல்லையா என்ற ஒரு கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். அந்த அளவுகூடச் சாறு தட்டில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதைப் பொறுத்து மாறும். பெரிய வளையம் என்றால் வலுவான மருந்து என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அளவையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் சாறு இருந்தால் கிருமி அடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவர்கள் இதைவிடப் பல மடங்கு கெட்டியாக எடுப்பதும் உண்டு. பெரியவர் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம். அதே அடர்த்தி ரத்தத்தில் நிற்க, காய்ந்த சாறு 5 கிராம் குடலிலிருந்து துளியும் வீணாகாமல் ரத்தத்துக்குள் போயாக வேண்டும். நூறு கிராம் உலர்ந்த இலையில் பத்து கிராம் சாறு கிடைத்தால், 50 கிராம் உலர்ந்த இலை. பச்சை இலையாக அது எவ்வளவு பெரிய குவியல் என்று உங்களுக்கே தெரியும். கல்லீரல் அதைச் சும்மா விடவும் விடாது. தவிர, மகள் அநேகமாக மெத்தனால் என்ற ஒரு வகை ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு எடுத்திருப்பாள். நீங்கள் அம்மியில் தண்ணீர் விட்டு அரைக்கிறீர்கள். மெத்தனாலில் கரைவது வேறு, தண்ணீரில் கரைவது வேறு. இரண்டும் ஒரே பொருளே அல்ல.

சர்க்கரைச் சோதனைக்கு வருவோம். அமைலேஸ் என்ற நொதி நம் எச்சிலிலும் கணையநீரிலும் இருக்கிறது. மாவுச்சத்தை உடைப்பது அதன் வேலை. சோதனைக் குழாயில் மாவுச்சத்தையும் நொதியையும் சாற்றையும் சேர்த்து, உடைவது குறைகிறதா என்று பார்ப்பார்கள். குறைந்தால் 'சர்க்கரை நோய்க்கு எதிரான தன்மை' என்று எழுதுவார்கள். எனக்கு இந்தத் தலைப்பைப் பார்த்தாலே கொஞ்சம் எரிச்சல் வரும். துவர்ப்புள்ள எந்தச் சாறும் புரதங்களைப் பிடித்துக்கொள்ளும், நொதியும் புரதம்தானே. நல்ல ஸ்ட்ராங் டீ டிகாக்‌ஷனை ஊற்றினாலும் அமைலேஸ் ஓரளவு அடங்கும். டீக்கடைக்காரர் யாரும் சர்க்கரை வைத்தியம் என்று போர்டு மாட்டுவதில்லை.

இன்னொரு விஷயமும் கவனியுங்கள். இந்த வழியில் வேலை செய்யும் மருந்து ஒன்று நம்மிடம் உண்டு. அகார்போஸ் என்று பெயர். அது முக்கியமாகக் குறைப்பது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையை. மாமனாருக்கு இறங்கியிருப்பதோ வெறும் வயிற்றுச் சர்க்கரை, அதுவும் ஒரே வாரத்தில் 50. இதற்கு அமைலேஸ் கதை பொருந்தவில்லை. கசப்புச் சாறு குடித்து வாய் கெட்டு, ராத்திரிச் சாப்பாடு குறைந்திருக்கலாம். திருவிழாப் பானகமும் பொங்கலும் நின்றிருக்கலாம். வீட்டுக் கருவி முன்னே பின்னே காட்டுவதும் உண்டு. எனக்குப் பிடிக்காத இன்னொரு காரணமும் இருக்கிறது: சிறுநீரகம் தளர்ந்தால் கிளிமிப்பிரைடின் வேலை உடம்பில் கூடுதல் நேரம் நீடித்து, சர்க்கரை தானாக இறங்கும். ஒரு வாரத்தில் அப்படி ஆகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை இறங்குவது எப்போதும் நல்ல செய்தி அல்ல. மெட்ஃபார்மினும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. அது கெட்டால் இப்போது சாப்பிடும் மாத்திரைகளையே மாற்ற வேண்டி வரும்.

அப்புறம் அந்தப் புண். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது 'வலி எதுவும் இல்லை' என்ற வரிதான். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நடந்து கொப்புளம் வரும்வரை சுட்டது அவருக்குத் தெரியவில்லை. பாத நரம்புகள் மரத்துப்போயிருக்கின்றன என்று அர்த்தம். அப்படிப்பட்ட காலில் புண் உள்ளே எலும்பு வரை போனாலும் மேலே அமைதியாகத்தான் இருக்கும். வரப்பிலிருந்து பறித்த இலையில் மண்ணும் டெட்டனஸ் கிருமியின் வித்துகளும் இருக்கலாம். திறந்த புண்ணில் அதை வைப்பது வேலியைப் பிரித்து ஆட்டை உள்ளே விடுவதுதான். நாளைக்கே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ பக்கத்தில் உள்ள நல்ல மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். செத்த சதையை எடுத்து, எலும்பில் பாதிப்பு இருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்த்து, அந்த இடத்தில் எடை விழாதபடி காலணி தருவார்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்பார்கள், ஞாபகப்படுத்தி வையுங்கள். அதுவரை சுத்தமான தண்ணீரில் கழுவி, உலர்ந்த துணிக்கட்டு மட்டும். காய்ச்சல், நாற்றம், கருமை, காலில் சிவப்பு ஏறுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை வரை காத்திருக்கக் கூடாது.

செடிகளின் மேல் எனக்குப் பகையில்லை. மாமனார் விழுங்கும் மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஒரு காட்டுச் செடிதான். கலேகா என்ற ஐரோப்பியச் செடியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் இருந்தது. ஆனால் அது விஷம். அதன் உறவுப் பொருளாக மெட்ஃபார்மினை 1922-இல் ஆய்வகத்தில் செய்தார்கள். ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியது 1957-இல். செடியில் கண்டது மாத்திரையாக வருவதற்கு அத்தனை காலம், அத்தனை பேர் தேவைப்பட்டார்கள்.

மகளிடம் சொல்லுங்கள்: நல்ல வேலை, விட்டுவிட வேண்டாம். சாறு இல்லாமல் வெறும் மெத்தனாலை மட்டும் வைத்த தட்டில் கிருமி என்ன ஆயிற்று என்று பார்த்தாளா? அமைலேஸ் சோதனையில் அகார்போஸை ஒப்பிட்டாளா, அதைவிடச் சாற்றின் வலு எத்தனை மடங்கு குறைவு? செடியின் மாதிரியைத் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியம் (உலர்ந்த செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடம்) போன்ற ஓரிடத்தில் காட்டிப் பெயரை உறுதி செய்தாளா? அடுத்த கட்டமாகச் சிறுநீரகச் செல்களில் அந்தச் சாற்றைப் போட்டுப் பார்க்கட்டும். தீசிஸில் 'நச்சுத்தன்மை' என்று ஒரு அத்தியாயம் இருந்தால், வைவாவில் யாரும் அவளை மடக்க முடியாது. தாத்தாவை மட்டும் சோதனையில் சேர்க்க வேண்டாம்.

பாகற்காய், கோவைக்காய், வெந்தயம் எல்லாம் சாப்பாடாகச் சாப்பிடட்டும், தடையில்லை. அதை நம்பி மாத்திரையைக் குறைக்கக் கூடாது. கிளிமிப்பிரைடு போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப் போடவும் கூடாது. வேர்த்துக் கொட்டி, கை நடுங்கினால் உடனே சர்க்கரைத் தண்ணீர்.

இந்த வாரமே எடுக்க வேண்டிய சோதனைகள்: சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில், அல்புமின் என்ற புரதம் சிறுநீரில், மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்ன இலை, எத்தனை நாள், எவ்வளவு குடித்தார் என்று ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். திட்டுவாரோ என்று மறைக்க வேண்டாம். கிரியாட்டினின் இப்போது சரியாக இருந்தாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். இந்த அமிலத்தின் பாதிப்பு மெதுவாகத்தான் வெளியே வரும்.