கேபிள்காரர் நல்லவர்தான், ஆனால் படம் வரவில்லை: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்கிறார் எங்கள் கேபிள்காரர். ரசீது கிடையாதாம். கட்டலாமா? (சாத்தூர் வாசகர்)

பதில்: கட்டாதீர்கள்.

நானே இப்படி ஒரு வருடப் பணத்தை ரசீது இல்லாமல் கொடுத்தவன். நாலாவது மாதம் அவர் லைனை வேறொருவருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர், “உங்க பணம் என் கணக்குல வரலையே சார்” என்றார். அவர் சொன்னது உண்மைதான். எட்டு மாதப் பணம் போயே போய்விட்டது. மாதாமாதம் கட்டுங்கள், ஒவ்வொரு மாதமும் சீட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் தெரு கேபிள்காரர் ஊருக்கு நிறையச் செய்கிறார். தேர்த் திருவிழாவை லோக்கல் சேனலில் நேரலையாகக் காட்டுவார், நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பார், சித்திரையில் மோர்ப்பந்தல் வைப்பார். ஆனால் மாதத்தில் ஐந்தாறு நாள் படமே வருவதில்லை. கேட்டால் “லைன்மேன் வருவான்” என்கிறார். இவ்வளவு செய்கிறவரிடம் சண்டை போட மனசு வரவில்லை. (பண்ருட்டி வாசகி)

பதில்: உங்கள் கடைசி வரிதான் என்னை உறுத்துகிறது. இதே வரியோடு எனக்கு வரும் கடிதங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் செய்வதை நான் குறைத்துப் பேச மாட்டேன். “நாளை வடக்குத் தெருவுக்குத் தண்ணீர் வராது” என்று லோக்கல் சேனலில் ஓடும் ஒரு வரியை எந்தப் பெரிய சேனலும் சொல்லப்போவதில்லை. ஆனால் மோர்ப்பந்தல் அவராக விரும்பிச் செய்யும் தர்மம். படம் வருவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சேவை. ஒன்றை மற்றதில் கழித்துக்கொள்ள முடியாது. மோர் குடித்த கூச்சத்தில் ஊரே வாயை மூடிக்கொண்டால், அந்த லைனை யார்தான் பராமரிப்பார்கள்?

மழையில் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கும், தெருமுனை ஆம்ப்ளிஃபயரில் கரண்ட் நின்றுபோகும், ரோடு தோண்டுகிறவர்கள் ஃபைபரை அறுத்துவிடுவார்கள். எப்போதாவது என்றால் பொறுக்கலாம். மாதாமாதம் ஐந்தாறு நாள் என்றால் லைனைக் கவனிக்க ஆள் இல்லை என்று அர்த்தம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-இல் கொண்டுவந்த சேவைத் தர விதிமுறை இருக்கிறது. சிக்னலே வரவில்லை என்ற புகாரை 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். புகார் கொடுத்ததும் உங்களுக்கு ஒரு புகார் எண் தர வேண்டும். தெருவில் பார்த்து வாயால் சொன்னது எந்தக் கணக்கிலும் ஏறாது. உங்கள் கேபிள்காரருக்குச் சிக்னல் கொடுக்கும் நிறுவனம் ஒன்று மேலே இருக்கிறது. செட்டாப் பாக்ஸில் அதன் பெயர் இருக்கும். அதன் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கே போன் செய்யுங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால், புகார் எண்ணோடு அந்த நிறுவனத்தில் தீராத புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். படம் போன தேதி, திரும்பி வந்த தேதி இரண்டையும் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். அந்த நாட்களுக்கான பணத்தைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். இதில் சண்டை எங்கே வந்தது, அம்மா? திருவிழா நேரலைக்கு அவருக்கு மனதார நன்றி சொல்லுங்கள். அப்புறம் புகார் எண்ணைக் கேளுங்கள்.

கேள்வி: கேபிள் கட்டணம் 130 ரூபாய்தான் என்று படித்தேன். எங்களிடம் 300 ரூபாய்க்கு மேல் வாங்குகிறார்கள். மூன்று வருடமாகக் கட்டுகிறேன். என்ன பேக் என்று தெரியாது. இது கொள்ளை இல்லையா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: மூன்று வருடமாக என்ன பேக் என்றே பார்க்காமல் கட்டியிருக்கிறீர்கள். காய்கறிக்காரரிடம் இப்படிக் கொடுப்பீர்களா?

நீங்கள் படித்தது பழைய கணக்கு. 2019 பிப்ரவரியில் 100 சேனல்களுக்கு மாத இணைப்புக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், 18% ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு என்று இருந்தது. அடுத்த வருடம் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்றார்கள். 2024 ஜூலையில் டிராய் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டது. கட்டணச் சேனல்களுக்கான விலை எப்போதுமே தனி. இன்று இரவே உட்கார்ந்து உங்கள் பேக்கில் என்னென்ன சேனல் இருக்கிறது என்று பாருங்கள். பார்க்காததை நீக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் தொகை ஒத்துப்போகவில்லை என்றால் எழுதுங்கள்.

கேள்வி: மாதப் பணமே கட்டாமல் டிவி பார்க்க வழி உண்டா? (தென்காசி வாசகர்)

பதில்: தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ். டிஷ், பாக்ஸ் செலவு ஒரு தடவைதான். டிடி தமிழ் வரும். ஆனால் தனியார் தமிழ்ச் சேனல்கள் குறைவு. வீட்டில் சீரியல் பார்க்கிறவர்களைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: தனியாக இருக்கிறேன், வயது 71. “பாட்டி, பாக்ஸ் போயிடுச்சு” என்று ஒருவர் பழையதை எடுத்துக்கொண்டு, புதியதை வைத்து 1,800 ரூபாய் வாங்கிப்போனார். அரசு கேபிள் பாக்ஸை விலையில்லாமல் கொடுப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொல்கிறாள். (திருத்துறைப்பூண்டி வாசகி)

பதில்: அந்தப் பெண் சொல்வது சரிதான். தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017 செப்டம்பரில் பாக்ஸ்களை விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. முதலில் உங்களிடம் இருந்தது அரசு பாக்ஸ்தானா என்று பழைய ரசீது ஏதாவது இருந்தால் பாருங்கள். ஆமாம் என்றால், அம்மா, நீங்கள் ஏமாந்ததில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. ஆள் தனியாக இருப்பதைப் பார்த்துச் செய்த வேலை இது.

பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்காரவைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். தமிழிலேயே பேசலாம். வந்த தேதி, கொடுத்த தொகை, புதிய பாக்ஸின் அடியில் இருக்கும் எண் மூன்றையும் தாளில் எழுதி வையுங்கள். பணம் திரும்பவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. உங்கள் ஊர் மாவட்டத்திலேயே மனு போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. மனு எழுத ஆள் இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள், நான் எழுதி அனுப்புகிறேன்.

கேள்வி: அப்பா இறந்தபோது லோக்கல் சேனலில் மூன்று நாள் இரங்கல் அறிவிப்புக்குப் பணம் கட்டினோம். ஒரு நாள்தான் ஓடியது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பல உறவினர்கள் வரவில்லை. இதையெல்லாம் கேட்கலாமா? (கோபி வாசகர்)

பதில்: கட்டாயம் கேளுங்கள். இரண்டு நாள் பணத்தை எழுத்தில் கேளுங்கள், கொடுத்த ரசீதின் நகலையும் வையுங்கள். அந்தக் காரியம் இனித் திரும்ப வராது. அதை அவரிடம் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.