நெதர்லாந்துக்குப் புதிதாக வந்தவர் டச்சு மொழிப் பள்ளியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: கணவருக்கு ஐந்தோவனில் வேலை. நாங்கள் வந்து சில மாதங்கள் ஆகின்றன. டச்சு படித்துவிட்டு நானும் வேலைக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். தேடினால் பள்ளிகள் வரிசையாக வருகின்றன, ஆனால் கட்டணம் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. எதில் சேரலாம்?

பதில்: எந்தப் பள்ளிக்குப் போன் செய்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: "அடுத்த வருஷம் இதே நேரத்தில் பி1 வகுப்பு நடத்துவீர்களா? எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?" கட்டணம், புத்தகம், ஆசிரியர் எல்லாம் அப்புறம்.

காரணம் சொல்கிறேன். ஐரோப்பாவில் மொழித் தேர்ச்சியை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக அளக்கிறார்கள். ஏ1 என்றால் பேர் சொல்லி, ஊர் சொல்லி, கடையில் ரொட்டி வாங்கிவிடலாம். ஏ2-வில் டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று மெதுவாகச் சொல்லலாம். பி1 வந்தால்தான் பக்கத்து வீட்டுக்காரரோடு பத்து நிமிஷம் நின்று பேச முடியும், அலுவலகத்தில் டச்சில் நடக்கும் மீட்டிங்கில் முக்கால்வாசி புரியும். நீங்கள் வேலைக்குப் போவதற்காகப் படிக்கிறீர்கள், அதனால் உங்கள் இலக்கு பி1, முடிந்தால் பி2.

ஆனால் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் ஏ1 வகுப்பு. புதிதாக வருபவர்கள் எல்லோருக்கும் அது வேண்டும் என்பதால் எல்லாப் பள்ளியும் அதை நடத்தும். என் அலுவலகத்திலேயே மதிய இடைவேளையில் கம்பெனி செலவில் ஒன்று நடந்தது. செப்டம்பரில் உட்கார இடம் இருக்காது. கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்பே பாதி நாற்காலி காலியாகிவிடும். ஒருவருக்கு சாஃப்ட்வேர் ரிலீஸ், ஒருவருக்கு மீட்டிங், இன்னொருவர் ஊருக்குப் போயிருப்பார். மேலே போகப் போக ஆள் குறைவதால் மேல்நிலை வகுப்புகளும் குறைந்துவிடுகின்றன. நான் பி1 தொடங்க இருந்தபோது, போதிய ஆள் சேரவில்லை என்று நான் படித்த பள்ளி மாலை வகுப்பையே ரத்து செய்தது. பகல் வகுப்பு இருந்தது, ஆனால் வேலைக்குப் போகிறவன் பகலில் எங்கே போவது? வேறு பள்ளிக்கு மாறினால் அங்கே வேறு புத்தக வரிசை. பாதிப் பாடம் படித்தது, பாதி படிக்காதது. இந்த அவஸ்தை உங்களுக்கு வேண்டாம் என்றுதான் முதல் கேள்வியாக அதைக் கேட்கச் சொல்கிறேன்.

சரி, சட்டம் உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில் நம்மவர்களிடையே நிறையக் குழப்பம். இங்கே குடியேறுபவர்களுக்கு 'இன்பர்கரிங்' என்று ஒரு கடமை உண்டு. மொழியும் இந்தச் சமூகம் எப்படி இயங்குகிறது என்பதும் படித்துத் தேர்வு எழுத வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் மூன்று வருஷத்துக்குள் முடிக்கச் சொல்கிறது, வழக்கமான பாதையில் இலக்கு பி1. ஆனால் உங்கள் கணவர் கென்னிஸ்மிக்ரான்ட், அதாவது உயர்திறன் பணியாளர் அனுமதியில் வந்திருந்தால் இந்தக் கடமை அவருக்கும் இல்லை, துணைவியாக வந்த உங்களுக்கும் இல்லை. வேலை செய்ய உங்களுக்குத் தனி பெர்மிட்டும் தேவையில்லை. உங்கள் குடியிருப்பு அட்டையில் அதை எழுதியே இருப்பார்கள், எடுத்துப் பாருங்கள்.

டச்சுக் குடிமகனையோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவரையோ மணந்து வருகிறவர்களின் கதை வேறு. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர் புறப்படுவதற்கு முன்பே தூதரகத்தில் ஏ1 அளவிலான ஓர் அடிப்படைத் தேர்வில் தேற வேண்டும். வந்த பிறகு மேலே சொன்ன முழுக் கடமையும் உண்டு. படிப்புச் செலவுக்கு 'டுவோ' என்ற அரசு அமைப்பிடம், வருமானத்தைப் பொறுத்து, 10,000 யூரோ வரை கடன் வாங்கலாம். ஆனால் அந்தப் பணத்தை 'பிளிக் ஓப் வெர்க்' தரச்சான்று பெற்ற பள்ளியில் மட்டும்தான் செலவழிக்க முடியும். அந்தச் சான்றைத் தருபவர்கள் வகுப்பறைக்கே வந்து உட்கார்ந்து பாடம் நடப்பதைப் பார்த்துச் சோதிப்பார்கள். உங்களுக்கு அந்தச் சான்று கட்டாயமில்லை. இருந்தால் நல்லது, இல்லை என்பதற்காக ஒரு பள்ளியை ஒதுக்கவும் வேண்டாம்.

வாட்ஸப் குழுவில் யாராவது "ஸ்டாப் என்று அரசாங்கம் 1000 யூரோ தருகிறது, அதில் படி" என்பார்கள். அது 2022 மார்ச்சில் தொடங்கிய பயிற்சி மானியத் திட்டம், 2023-ஓடு முடிந்துவிட்டது. அதற்குப் பதில் கணவரின் கம்பெனி ஹெச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள். சில கம்பெனிகள் துணைவருக்கும் மொழி வகுப்புக்குப் பணம் தருகின்றன. பாதியில் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டுமா என்பதையும் கையோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

நீண்ட காலம் இருக்கும் எண்ணம் இருந்தால், ஐந்து வருஷத்துக்குப் பிறகு நிரந்தர வதிவிடத்துக்கும் குடியுரிமைக்கும் இன்பர்கரிங் சான்று கேட்பார்கள். கடமை இல்லாமல் தாமாக எழுதுபவர்களுக்கு அது ஏ2 அளவு. பி1-ஆக உயர்த்த வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தராததால் நம்மில் பலர் நிரந்தர வதிவிடத்தோடு நின்றுவிடுகிறார்கள், ஏ2 சான்று அதற்கும் உதவும். வேலைக்கும் மேற்படிப்புக்கும் என்றால் 'ஸ்டாட்ஸ்எக்ஸாமென் என்டி2' என்ற அரசுத் தேர்வுதான் மதிப்பு. அதில் முதல் பிரிவு பி1, இரண்டாம் பிரிவு பி2. பி1, பி2 நடத்தும் பள்ளியிடம் "உங்கள் மாணவர்கள் இந்தத் தேர்வை எழுதுகிறார்களா?" என்று கேட்டு, தொலைபேசியில் எப்படி இழுக்கிறார்கள் என்று கவனியுங்கள். சட்டென்று பதில் வந்தால் நல்ல அறிகுறி.

இனிப் பள்ளி வகைகள். மலிவாக, நிதானமாகப் படிக்க ஃபோல்க்ஸ்யூனிவர்சிடைட். லாப நோக்கமில்லாத மாலைக் கல்விக்கூடங்கள் இவை, ஆம்ஸ்டர்டாமில் 1913-இலேயே தொடங்கிவிட்டது. வாரம் ஒன்றிரண்டு மாலை வகுப்பு, கூடவே படிப்பவர்கள் எல்லா நாட்டுக்காரர்களும் எல்லா வயதுக்காரர்களும். எனக்குப் பிடித்த இடம். ஆனால் வேகம் குறைவு, உங்களைப் போல வேலைக்காகப் படிப்பவருக்கு அது மட்டும் போதாது.

அடுத்தது பல்கலைக்கழகங்களின் மொழி மையங்கள். ஆம்ஸ்டர்டாம், லெய்டன், டெல்ஃப்ட் போன்ற ஊர்களில் வெளியாட்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பட்டம் படித்தவர்களை மனதில் வைத்து நடத்துவதால் ஓட்டம் வேகமாக இருக்கும், வீட்டுப்பாடம் குவியும். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான 'டெல்ஃப்ட் முறை' பற்றி நீங்கள் கட்டாயம் கேள்விப்படுவீர்கள். முதல் நாளிலிருந்தே டச்சுப் பாடப்பகுதி. அதை வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டு, சொல்லெல்லாம் தெரிந்துகொண்டு வர வேண்டும். வகுப்பு நேரம் முழுக்கப் பேச்சுதான், இலக்கண விளக்கத்தை அங்கே அதிகம் எதிர்பார்க்க முடியாது. விதியை எழுதிப்போட்டு, உதாரணம் கொடுத்து, மனப்பாடம் செய்து வளர்ந்த நமக்கு முதல் வாரம் கண்ணைக் கட்டி காட்டில் விட்டது போல இருக்கும். ஆனால் தினமும் ஓரிரு மணி நேரம் வீட்டில் உட்கார முடிந்தவர்கள் இதில் மளமளவென்று பேசத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். உட்கார முடியாதவர்கள் ஒரு மாதத்தில் நின்றுவிடுவார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்பதையெல்லாம் யோசித்துவிட்டு இதில் சேருங்கள்.

டென் போஷ் பக்கத்தில் ஃபுக்ட் என்ற சிற்றூரில் ரெகினா சேலி என்று ஒரு நிறுவனம். கன்னியாஸ்திரிகள் தொடங்கியதால் டச்சுக்காரர்கள் இன்றைக்கும் அதை 'ஃபுக்ட் கன்னியாஸ்திரிகள்' என்றே சொல்வார்கள். அங்கேயே தங்கி, காலையிலிருந்து மாலை வரை ஆசிரியர் மாற்றி ஆசிரியர் தனியாக நம்மைப் பிழிந்தெடுப்பார்கள். ஒரு வாரத்துக்கே பல ஆயிரம் யூரோ. கம்பெனி கட்டினால் போகலாம், சொந்தக் காசில் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மீதி எல்லாம் தனியார் பள்ளிகள். நல்லதும் கெட்டதும் இங்கேதான் அதிகம் கலந்திருக்கும். என் அனுபவத்தில் தரத்தைச் சீக்கிரம் காட்டிக்கொடுப்பது நுழைவுச் சோதனை. சேர்ப்பதற்கு முன் பத்து நிமிஷமாவது பேசவைத்து, எழுதவைத்துப் பார்த்து நிலையைச் சொல்கிறார்களா, அல்லது பணம் கட்டியதும் வகுப்பு எண்ணைத் தந்துவிடுகிறார்களா? சோதிக்காத இடத்தில் ஒரே வகுப்பில் மூன்று நிலை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஏற்கெனவே பேசத் தெரிந்த ஜெர்மன்காரர் பேசிக்கொண்டே போவார், நாம் தலையாட்டிக்கொண்டிருப்போம். வகுப்பில் எட்டுப் பத்துப் பேர் என்றால் சரி, பதினைந்தைத் தாண்டினால் உங்கள் வாய்க்கு வேலை இருக்காது.

ஆசிரியர் எந்த மொழியில் பாடம் நடத்துகிறார் என்றும் கேளுங்கள். ஏ1-இல் கொஞ்சம் ஆங்கிலம் இருந்தால் தப்பில்லை. ஏ2-விலும் ஆங்கிலத்தில் விளக்கினால் அந்தப் பள்ளி வேண்டாம். வெளிநாட்டு ஊழியர்களைக் குறிவைக்கும் சில பள்ளிகள் நாம் கஷ்டப்படக் கூடாது என்று ஆங்கிலத்திலேயே ஓட்டிவிடுகின்றன. வகுப்பு ஜாலியாகப் போகும், மதிப்புரையில் ஐந்து நட்சத்திரமும் விழும். வெளியே வந்தால் பேக்கரியில் வாய் திறக்காது.

கட்டணத்தை ஒப்பிடும்போது மொத்தத் தொகையைப் பார்க்காமல், வகுப்பு மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். புத்தகம் அதில் அடங்குமா என்று கேளுங்கள். 21 சதவீத வரி சேர்த்த விலையா என்றும் கேளுங்கள். சிஆர்கேபிஓ என்ற கல்வி நிறுவனப் பதிவேட்டில் உள்ள பள்ளிகள் பாடத்துக்கு அந்த வரி போடுவதில்லை, மற்றவை போடும். ஆள் சேராமல் வகுப்பு ரத்தானால் முழுப் பணமும் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இணையம் வழியாகப் பணம் கட்டினால் மனம் மாற 14 நாள் அவகாசம் உண்டு.

எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் அதோடு நூலகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல ஊர் நூலகங்களில் 'தால்கஃபே' என்று வாரம் ஒருமுறை இலவசமாக உட்கார்ந்து பேசும் கூட்டம் நடக்கும். பெரும்பாலும் ஓய்வுபெற்ற டச்சுக்காரர்கள் தன்னார்வலராக வருவார்கள். உங்களுக்காக ஒதுக்கிய நேரம் என்பதால் அவர்கள் அவசரப்பட்டு ஆங்கிலத்துக்குத் தாவ மாட்டார்கள். கடையிலும் ஆபீஸிலும் அதுதான் பெரிய தலைவலி: நாம் ஒரு வாக்கியம் தடுமாறினால் போதும், மரியாதைக்காக ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். "நெடர்லன்ட்ஸ் அல்ஸ்டுப்ளீஃப்ட்" (தயவுசெய்து டச்சிலேயே) என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் டச்சுக்குத் திரும்பி வருவார்கள்.

தமிழராக உங்களுக்கு ஒரு சாதகமும் உண்டு. டச்சுத் துணைவாக்கியங்களில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் அதில்தான் திணறுவார்கள், நமக்கு அது பழகிய வழி. தொண்டையிலிருந்து வரும் அந்த 'க'தான் கொஞ்சம் படுத்தும். ஆனால் ஐந்தோவன் பக்கத்துத் தெற்கத்திக்காரர்கள் அதையும் மென்மையாகத்தான் சொல்கிறார்கள், அதனால் அதற்காகத் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் நிலைமைக்கு நான் செய்யக்கூடியது இது: பகலில் நேரம் இருப்பதால், வாரம் மூன்று நான்கு நாள் நடக்கும் பகல்நேர வகுப்பாகத் தேடுங்கள். ஏ1-இலிருந்து பி1 வரை ஒரே புத்தக வரிசையில் போகும் இரண்டு பள்ளிகளைப் பிடித்து, மாதிரி வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலான வகுப்புகள் செப்டம்பரிலும் ஜனவரி-பிப்ரவரியிலும் தொடங்குகின்றன, அதற்கு ஒரு மாதம் முன்பே இடம் போய்விடும். மருத்துவம், நர்சிங் மாதிரித் துறை என்றால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். 'பிக்' என்ற மருத்துவத் துறையினர் பதிவேட்டில் சேர மொழிச் சான்று தனியாகக் கேட்பார்கள், அதற்கேற்ற பள்ளி வேறு.