செக் என்ஜின் விளக்குக்கு 1,850 வெள்ளி: பழைய மைவிக்குச் செலவு செய்யலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தை ஒட்டிய தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வர 2008 பெரோடுவா மைவி 1.3 ஆட்டோ கியர் காடி வைத்திருக்கிறேன். 230,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஒரு மாதமாக ‘செக் என்ஜின்’ மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்து, பி0420 என்று கோட் வருகிறது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மாற்ற வேண்டும், 1,850 வெள்ளி ஆகும் என்றார்கள். போன வருடமே பழுதுக்கு 2,400 வெள்ளி போய்விட்டது. இதைத் தள்ளிவிட்டுப் புதுக் காடி எடு, மாதம் 620 வெள்ளிதானே என்கிறார் அண்ணன். இன்னொன்று, சாயங்காலம் வீடு திரும்பும்போது சிக்னலில் நின்றால் எண்ணெய்க் குடுவை மாதிரி ஒரு சிவப்பு விளக்கு லேசாக மின்னும். காடி நகர்ந்தால் போய்விடும், அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சிவப்பு விளக்கிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். மஞ்சள் விளக்குக்கு இன்னும் ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. சிவப்பு விளக்கை நாளைக்குக் காலையில் காடியை எடுப்பதற்கு முன்பே பார்த்தாக வேண்டும்.

அது என்ஜின் ஆயில் அழுத்த விளக்கு. ஆயில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அது அளப்பதில்லை. ஆயில் பம்ப் தள்ளுகிற அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கினால் மட்டும்தான் எரியும். நாள் முழுக்க வெயிலில் நின்ற காடி, ஈப்போ நெரிசலில் ஊர்ந்து, செம்மோர் வழியாக வரும்போது ஆயில் நன்றாகச் சூடேறி நீர்த்துப் போயிருக்கும். சிக்னலில் நிற்கும்போது என்ஜின் மெதுவாகச் சுற்றும், பம்பும் மெதுவாகச் சுற்றும். ஒரு நாளில் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கிற நேரம் அதுதான். காடி நகர்ந்ததும் விளக்கு அணைவது கோளாறு சரியாகிவிட்டது என்பதனால் அல்ல, பம்ப் வேகமாகச் சுற்றுவதனால். இதை இப்படியே விட்டால் ஒரு நாள் அது அணையாது. அப்போதும் ஓட்டினால் பேரிங் தேய்ந்து என்ஜினே சுற்றாமல் இறுகிவிடும். அதற்குப் பிறகு 1,850 வெள்ளியைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்காது.

அழுத்தம் குறைந்தால் முதலில் ஆயில் அளவைத்தான் சந்தேகப்பட வேண்டும். பார்ப்பது சுலபம். காலையில் என்ஜினை முடுக்குவதற்கு முன், காடி சமமான தரையில் நிற்கட்டும். தாமான் வீடுகளில் வாசல் பெரும்பாலும் சாய்வாகத்தான் இருக்கும், அங்கே பார்த்தால் கணக்குத் தப்பும். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, முழுக்க உள்ளே விட்டு மறுபடி எடுங்கள். நுனியில் இரண்டு குறிகள் இருக்கும், ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். உங்களுடையது கீழ்க்குறிக்கும் கீழே இருக்கும், அல்லது குச்சியில் ஒட்டவே ஒட்டாது என்பது என் ஊகம். இந்த என்ஜின் கொள்ளுவதே ஏறக்குறைய மூன்று லிட்டர்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தாலே பெரிய குறைவு. கையேட்டில் சொன்ன தரத்தில் மினியா ஈத்தாம் (என்ஜின் ஆயில்) வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, குச்சியைப் பார்த்துப் பார்த்து நிரப்புங்கள். மேல்குறியைத் தாண்ட வேண்டாம்.

ஆயில் சரியான அளவில் இருந்தும் விளக்கு மின்னினால் காடியை ஓட்டாதீர்கள். அழுத்தத்தை உணரும் சுவிட்ச் கெட்டிருக்கலாம். அது சின்னச் சாமான், விலையும் குறைவு. ஆனால் சுவிட்ச்சைத்தான் மாற்ற வேண்டும் என்று போமன் (மெக்கானிக்) வாயால் சொன்னால் போதாது. சுவிட்ச்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அழுத்த மானியைத் திருகி, என்ஜின் சூடான பிறகு ஐடிலில் (காடி நகராமல் என்ஜின் மட்டும் ஓடும்போது) அளந்து காட்டச் சொல்லுங்கள். மானியில் அழுத்தம் நன்றாக இருந்தால் சுவிட்ச். இல்லையென்றால் பம்ப் அல்லது பேரிங், அது வேறு பேச்சு.

சரி, இப்போது மஞ்சள் விளக்குக்கு வருகிறேன். உங்கள் இரண்டு விளக்குகளும் ஒரே காரணத்தால் எரிகின்றன என்று சந்தேகப்படுகிறேன்.

பி0420 என்ற கோட், ‘கன்வெர்ட்டர் செத்துவிட்டது’ என்று சொல்லவில்லை. எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் கன்வெர்ட்டர், புகையைச் சுத்தம் செய்யும் வேலையை எதிர்பார்த்த அளவுக்குச் செய்யவில்லை என்பதே அதன் அர்த்தம். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சர், பின்னால் ஒன்று. முன் சென்சரின் மின்னழுத்தம் சுமார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்தால் ஸ்கேனர் திரையில் பின் சென்சரின் கோடு கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். பின் கோடும் முன் கோட்டைப் போலவே குதித்தால்தான் கம்ப்யூட்டர் பி0420 என்று பதிகிறது. ஸ்கேனரில் இந்த இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுக் காட்டலாம். காட்டச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

கன்வெர்ட்டர் உண்மையிலேயே கெட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது ஏன் கெட்டது? தானாக அது சீக்கிரம் கெடுவதில்லை. என்ஜின் ஆயிலை எரித்தால், ஆயிலில் கலந்திருக்கும் பாஸ்பரஸ் கன்வெர்ட்டருக்குள் போய்ப் படிந்து, வேலை செய்யும் உலோகப் பூச்சை மூடிவிடும். உங்கள் என்ஜினில் ஆயில் குறைகிறது, கன்வெர்ட்டரும் சோர்ந்துவிட்டது என்றால் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஆயில் எரிவதை நிறுத்தாமல் புதுக் கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். விலை குறைந்த மாற்றுக் கன்வெர்ட்டர்களில் அந்த உலோகப் பூச்சு குறைவு, இன்னும் சீக்கிரம் போகும்.

ஆகவே ஆயில் எங்கே போகிறது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற இடத்தில் தரையில் கறை இருந்தால் கசிவு. காலையில் முடுக்கியதும் சற்று நேரம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல். மேடு ஏறும்போது அழுத்தி மிதித்தால் நீலப் புகை என்றால் பிஸ்டன் ரிங். இதற்கெல்லாம் முன்னால் பி.சி.வி. வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி எரிவதற்காகக் காற்றுக் குழாய்க்குள் அனுப்புகிற சின்னச் சாமான் அது. அடைத்துக்கொண்டால் நல்ல என்ஜினும் ஆயில் குடிக்கும். மாற்றுவது மலிவு. அதை மாற்றிய பிறகு ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது என்று குறித்து வைத்துவிட்டு, அப்புறம் பெரிய செலவைப் பற்றி யோசியுங்கள்.

கூடவே, எக்ஸாஸ்ட் குழாயில் கன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு இதே கோட் வரும். குளிர்ந்த என்ஜினை முடுக்கியதும் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்து, சூடேறியதும் குறைந்தால், இணைப்பில் கரிக்கோடு இருக்கிறதா என்று பார்க்கலாம். வெல்டிங்கில் முடிந்துவிடும்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் எலி அதிகம். அதை அடக்கத்தான் தோட்டங்களில் கூண்டு வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். செம்பனை ஓரத்தில் நிற்கும் காடியின் பானெட்டைத் திறந்தால், பேட்டரிக்குப் பக்கத்தில் கடித்துப் போட்ட செம்பனைப் பழமும் நாருமாகக் கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ராத்திரி வந்து நின்ற காடியின் என்ஜின் கதகதப்பாக இருக்கும், எலி அங்கேயே தங்கிவிடும். மேலுறையைக் கடித்துச் செம்புக் கம்பி பளபளவென்று தெரிய விட்டிருக்கும், சில கம்பிகள் ஒற்றை இழையில் தொங்கும். மழை நாளில் விளக்கு எரிவதும் வெயில் நாளில் அணைவதுமாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். நல்ல சென்சரைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டு, விளக்கு அணையாமல் மறுபடி ஒர்க்‌ஷாப் போன கதைகள் பலவற்றுக்குக் காரணம் எலிதான். பணம் கட்டுவதற்கு முன் டார்ச் அடித்து ஒயர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, காடி வழக்கம்போல இழுத்தால் வேலைக்குப் போய்வரலாம். அதே விளக்கு மின்னி மின்னி எரிந்தால் நிலைமை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறி, கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. அந்தச் சூட்டில் உள்ளே இருப்பது உருகிவிடும். உடனே மிதியைத் தளர்த்தி, ஓரம் கட்டுங்கள். அப்போது பி0301, பி0302 போன்ற கோட் வரும். கடைசி எண் சிலிண்டரைச் சொல்லும். இந்தக் காடியில் ஒவ்வொரு பிளக்குக்கும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் தனிக் காயில் இருப்பதால், முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் மாட்டிப் பார்க்கலாம். கோட் பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி, ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். நான்கையும் மாற்றச் சொல்பவரிடம் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

பேட்டரி கேபிளைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். அணையும். அதோடு கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருந்த தடயமும் அழிந்துபோகும். செய்ய வேண்டாம்.

இனி பணக் கணக்கு. பழைய காடியின் சந்தை விலையோடு பழுதுச் செலவை ஒப்பிட்டு, ‘இதுக்கு இவ்வளவா?’ என்று முடிவெடுப்பது தவறு. உங்களுக்கு வேண்டியது அடுத்த ஒரு வருடம் நம்பி ஈப்போ போய்வருவது. அதற்கு எந்த வழி மலிவு என்றுதான் பார்க்க வேண்டும். போன வருடச் செலவு 2,400, ஒர்க்‌ஷாப் கேட்ட 1,850 இரண்டையும் கூட்டினாலும் 4,250 வெள்ளி. புதுக் காடிக்கு மாதம் 620 என்றால் வருடத்துக்கு 7,440 வெள்ளி. முன்பணமும், புதுக் காடிக்குக் கூடுதலாக வரும் இன்சூரன்ஸும் இதில் சேரவில்லை. வங்கிக் கடன் ஒன்பது வருடம் வரை நீளும். உங்கள் 1.3-க்கு ரோட் டேக்ஸ் 70 வெள்ளி மட்டுமே. அண்ணன் சொல்வது அக்கறையில்தான், ஆனால் இன்றைய கணக்கில் அவர் பக்கம் நியாயம் இல்லை.

எப்போது அவர் சொல்வது சரியாகும்? பிஸ்டன் ரிங் போய், அதே வருடத்தில் கியர்பாக்ஸும் தொல்லை கொடுக்கத் தொடங்கினால், அல்லது அடித்தகட்டில் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களில் துரு அரித்திருந்தால், அதற்கு மேல் அந்தக் காடியில் பணம் போடக் கூடாது. துருவை நான் எல்லாவற்றிலும் மோசமாகக் கருதுகிறேன், ஏனென்றால் மோதலில் உயிரைக் காக்க வேண்டிய தகடு அது. என்ஜின் மட்டும் போய், மற்றதெல்லாம் உறுதியாக இருந்தால் ஹாஃப் கட் கடையில் (பழைய காடிகளை வெட்டிப் பாகங்களாக விற்கும் கடையில்) இன்னொரு என்ஜின் வாங்கிப் போடுவது நியாயமான வழிதான். ஆனால் என்ஜின் எண் மாறுவதால் புஸ்பாகோம் போன்ற நிலையத்தில் வாகனச் சோதனையும் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவும் முடித்தாக வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் காடியை விற்கிற நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

கடைசியில் கன்வெர்ட்டர் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பாகம் ஓரி (ஒரிஜினல்) தானா, மாற்று வகையா, எத்தனை மாத உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழைய கன்வெர்ட்டரைத் திருப்பிக் கேளுங்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் அதை விலைக்கு எடுக்கிறவர்கள் உண்டு. அந்தப் பணம் உங்களுக்குச் சேர வேண்டியது. உள்ளே இருப்பதை இடித்து எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விலை மலிவாகத் தெரியும், ஆனால் அதே மஞ்சள் விளக்கு தொடர்ந்து எரியும், பிள்ளைகள் மூச்சிழுக்கிற காற்றில் நச்சும் கலக்கும்.

செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியதாகப் பின்னால் தெரிந்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனு செய்யக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டியதில்லை. ஆனால் வெறும் கையோடு போனால் பேச்சு எடுபடாது. அதனால் ஒவ்வொரு ரசீதிலும் மாற்றிய பாகத்தின் பெயர், அதன் விலை, கூலி, அன்றைய கிலோமீட்டர் நான்கையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.