தாலி ஏறினால் சரியாகிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 29. இதுவரை ஆண், பெண் யார் மீதும் காதலோ உடல் ஆசையோ வந்ததில்லை. கல்லூரித் தோழியோடு ஒரே வீட்டில் கடைசிவரை இருந்தால் போதும், அதுவும் நட்பாகத்தான். நெட்டில் படித்ததில் அசெக்‌ஷுவல், ஏரோமாண்டிக், ஏஜெண்டர் என்றெல்லாம் வந்து குழம்பிப்போனேன். அம்மாவோ, "கழுத்துல தாலி ஏறினா எல்லாம் தானா வரும்" என்கிறார். அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். இது நோயா?
- பெயர் வேண்டாம், கோவை.

பதில்: நோய் இல்லை, சகோதரி. பிரிட்டனில் 18,000-க்கும் அதிகமானோரிடம் நடந்த ஒரு கணக்கெடுப்பைக் கனடா ஆய்வாளர் அந்தோனி போகார்ட் 2004-ல் அலசினார். யார் மீதும் பாலீர்ப்பு வந்ததே இல்லை என்று சொன்னவர்கள் அதில் சுமார் 1 சதவீதம். தன்னை அசெக்‌ஷுவல் (யார் மீதும் பாலீர்ப்பு இல்லாதவர்) என்று உணர்பவருக்கு 'ஆசைக் குறைபாடு' என்று நோய்ப்பெயர் வைக்கக் கூடாது என்கிறது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேடு. இருந்த ஆசை திடீரெனக் காணாமல் போயிருந்தால் தைராய்டு, மனச்சோர்வு, மாத்திரை எல்லாம் பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அப்படி இல்லை. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று எந்த டாக்டராவது கிளம்பினால் எழுந்து வந்துவிடுங்கள். அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே அறிவித்துவிட்டது.

அசெக்‌ஷுவலாக இருந்தும் உருகி உருகிக் காதலிப்பவர்கள் உண்டு. உங்களுக்குக் காதலும் வரவில்லை என்றால் ஏரோமாண்டிக் பொருந்தலாம். ஏஜெண்டர், தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உணராதவர்களைக் குறிப்பது. உங்கள் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கல்யாண விஷயத்தில்தான் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. 'ஆனபிறகு வரும்' என்று நம்பி ஒருவரைக் கட்டிக்கொள்ளாதீர்கள். விருப்பமில்லாமல் இணங்குவது உங்களுக்குக் கொடுமை. காரணமே தெரியாமல் ஒதுக்கப்படுவது அந்த மனிதருக்குக் கொடுமை. தகுந்த காரணமின்றி நீண்டகாலம் தாம்பத்தியத்தை மறுப்பது மனரீதியான கொடுமையாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லியிருக்கிறது. கோர்ட், விவாகரத்து என்று போனால் ஊர்வாய்க்குப் பதில் சொல்வது நீங்கள்தான். எல்லாம் தெரிந்து சம்மதிக்கிற துணை கிடைத்தால், அது வேறு கதை.

தோழியோடு வாழும் ஆசையைக் குறைவாக நினைக்காதீர்கள். ஆனால் முதலில் அவரிடம் கேட்டீர்களா? அவர் தனக்கென்று ஒரு குடும்பத்தைக் கனவு காணலாமே! அவருக்கும் சம்மதம் என்றால் வாடகை, சேமிப்பு, உடம்புக்கு முடியாதபோது யார் பார்ப்பது என்று இப்போதே பேசிவிடுங்கள். வங்கிக் கணக்கில் தோழியை நாமினியாகப் போடலாம். நாமினி என்பதால் மட்டும் சொத்துரிமை வந்துவிடாது, உயில் தேவை.

பெண் பார்க்க வருவதை இந்த வாரமே நிறுத்துங்கள். அம்மாவிடம் ஆங்கிலப் பெயர்களை அடுக்க வேண்டாம். "எனக்கு அந்த ஆசை வந்ததே இல்லைம்மா, இன்னொருத்தர் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுக்க மாட்டேன்" என்றால் போதும். அழுவார். பெரும்பாலும் அந்த அழுகை 'எனக்கப்புறம் இவளுக்கு யார்' என்ற பயம்தான்; அப்போது தோழியைப் பற்றியும் உங்கள் சேமிப்பைப் பற்றியும் சொல்லுங்கள்.