தின்ற கேக் திரும்பி வருமா?

கேள்வி: ஆங்கிலப் பழமொழிகளை அகராதி வைத்துச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தும் பாதி விளங்கவில்லை. 'யூ கான்ட் ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட்' என்கிறார்கள். கேக் கையில் இருந்தால்தானே தின்ன முடியும்? ஐந்நூறு பழமொழிகளைப் பொருளோடு மனப்பாடம் செய்துவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. ஐந்நூறையும் ஒப்பிப்பீர்கள், பேச்சில் ஒன்று வந்து விழுந்தால் அப்போதும் முழிப்பீர்கள்.

கேக் விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. இங்கே 'ஹேவ்' என்றால் தின்னாமல் வைத்திருப்பது. 1546-ல் ஜான் ஹேவுட் பழமொழிகளைக் கோத்து வெளியிட்ட நூலில் தின்பது முதலிலும் வைத்திருப்பது அடுத்தும் வருகிறது. தின்றும் தீர்க்கணும், கேக்கும் இருக்கணும் என்றால் நடக்குமா? நம் 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை'தான். பிற்பாடு வரிசை புரண்டதில் வந்தது குழப்பம்.

இதைவிட மோசமாகப் படுத்துவது 'எக்ஸெப்ஷன் ப்ரூவ்ஸ் தி ரூல்'. விதிவிலக்கு எப்படி விதியை நிரூபிக்கும்? ஒரு வாசலில் 'குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை' என்று எழுதியிருக்கிறது. பெரியவர்களுக்குக் கட்டணம் உண்டு என்று எங்கும் எழுதவில்லை, ஆனாலும் பர்ஸை எடுக்கிறோம். விலக்கைச் சொன்னதாலேயே விதி தெரிந்துவிட்டது. லத்தீன் சட்ட வழக்கிலிருந்து வந்த வாசகம் இது. அங்கே இதுதான் பொருள். இன்று ஆங்கிலம் பேசுகிறவர்களே, தங்கள் வாதத்துக்கு இடிக்கிற உதாரணம் வரும்போதெல்லாம் இதைச் சொல்லித் தப்பிக்கிறார்கள். அதை நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டாம்.

உருளும் கல்லில் பாசி படியாது என்பதோ இரண்டு பக்கமும் பேசும். ஓரிடத்தில் நிலைக்காதவனுக்கு எதுவும் சேராது என்று கண்டிப்பது பழைய பொருள். ஓடிக்கொண்டே இருப்பவன் துருப்பிடிக்க மாட்டான் என்று பாராட்டாகவும் சொல்கிறார்கள். திட்டா, பாராட்டா என்பதைச் சொல்கிறவரின் குரலும் சந்தர்ப்பமும்தான் காட்டும்.

அப்புறம், பிறப்புக் கதைகளை நம்பிவிடாதீர்கள். பலத்த மழையை ஆங்கிலத்தில் நாயும் பூனையுமாகக் கொட்டுகிறது என்பதற்கு, கூரையில் படுத்திருந்த பிராணிகள் மழையில் வழுக்கி விழுந்ததே காரணம் என்பார்கள். 1999 வாக்கில் மின்னஞ்சலில் பரவிய கட்டுக்கதை அது.

நோட்டுப் புத்தகத்தில் பழமொழிக்கு எதிரே பொருளை மட்டும் எழுதாதீர்கள். யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னார் என்று எழுதுங்கள். அப்படி நாலைந்து இடத்தில் பார்த்த பிறகு நீங்களும் பேச்சில் எடுத்துவிடலாம்.