செட் விழுந்தாச்சு, உடனே ரைஸ் பண்ணலாமா?

கேள்வி: அண்ணாச்சி, செல்போனில் இலவச சிப் வைத்து ஆறு பேர் டேபிளில் ஹோல்டம் என்ற போக்கர் சீட்டாட்டம் ஆடுகிறேன். பிளைண்ட் (இரண்டு பேர் முன்கூட்டியே கட்டாயமாகப் போடும் சிப்) 50/100, என்னிடமும் எதிராளியிடமும் தலா 10,000. எனக்கு முந்தின ஆள் 300-க்கு ரைஸ் (தொகையை ஏற்றினார்). பட்டனில் (கடைசியாக ஆடுகிற இடம்) என் கையில் இஸ்பேட் ஏழு, ஆட்டின் ஏழு. கால் செய்தேன் (அதே தொகையைப் போட்டேன்), மற்றவர்கள் ஃபோல்ட் (விலகல்). ஃபிளாப்பில் (எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டு) டைமன் ராஜா, கிளாவர் ஏழு, ஆட்டின் இரண்டு. அவர் 400 போட்டார், நான் 1,500 ஆக்கினேன். சீட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நல்ல கைக்கு இவ்வளவுதானா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கோயில் கொடை ராத்திரியில் ரம்மி ஆடிப் பழகிய கை போலிருக்கிறது. சீட்டு சேர்ந்ததும் இறக்கினால் அங்கே லாபம். இங்கே எதிராளி எழுந்துவிடுவார்.

அந்த ஃபிளாப்பில் மூன்று ஏழு சேர்ந்த உங்கள் செட்டை முந்தி நிற்பது மூன்று ராஜா மட்டும். ஒரே ஜாதிச் சீட்டு இரண்டு கிடையாது, ஸ்ட்ரெய்ட்டுக்கும் (வரிசையாக ஐந்து சீட்டு) வழியில்லை. வெறுங்கையோடு மிரட்டுகிறவர் ரைஸைப் பார்த்ததும் ஓடுவார். ஆஸ்-ராஜா வைத்திருப்பவர் நீங்கள் காத்திருந்தாலும் எங்கும் போகமாட்டார். அதனால் கால் போதும். பாட் (நடுவில் சேர்ந்த சிப்) 1,550 ஆகும். டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) அவர் 1,000 போட்டால் அதற்கும் கால், 3,550. ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) 2,400 போட்டால் மிச்சமிருக்கும் 8,300-ஐ மொத்தமாகத் தள்ளுங்கள். நடுவில் 14,250 கிடக்க, அவர் இன்னும் 5,900 போட்டால் போதும். ஆஸ்-ராஜாக்காரருக்கு விட மனசு வராது. டர்னில் அவர் செக் செய்தால் (எதுவும் போடாமல் விட்டால்) மட்டும் நீங்களும் செக் பண்ணிவிடாதீர்கள், 800 போடுங்கள். இல்லாவிட்டால் பாட் சின்னதாகவே நின்றுவிடும்.

இதே ஏழுகளுக்கு டைமன் ஜாக்கி, டைமன் பத்து, கிளாவர் ஏழு என்று விழுந்திருந்தால் காத்திருக்கவே கூடாது. இரண்டு டைமன் வைத்திருப்பவர் ஐந்து டைமன் சேர்க்க ஒன்பது சீட்டு மிச்சம்: அடுத்த சீட்டில் சுமார் 19 சதவீதம், ரிவர் வரைக்கும் சேர்த்தால் 35. நாலு பேருக்குத் தெரியாத விஷயம் இன்னொன்று உண்டு. மூன்றாவது டைமன் விழுந்தால் ஜாக்கி ஜோடிக்காரரும் பயந்து பணம் போடுவதை நிறுத்திவிடுவார். அவர் போட்ட 400-ஐ 800 ஆக்கினால் பிரயோசனமில்லை. அவர் கால் செய்தால் ஆகும் 2,350 பாட்டுக்கு 400, அதாவது 17 சதவீதம்தான் கேட்கிறீர்கள், டைமன்காரருக்கு அது கொள்ளை லாபம். 1,600 ஆக்கினால் 30 சதவீதம் கேட்கிறீர்கள். அங்கேதான் வலிக்கும்.

ஆள் யார் என்பதையும் பாருங்கள். இலவச சிப் டேபிளில் பாதிப் பேர் எதையும் விடாமல் கால் செய்கிறவர்கள். அவர்களிடம் பதுங்குவது வீண், முதலிலேயே பெரிதாக ரைஸ் செய்யுங்கள். பதுங்குவதெல்லாம் தானே அடித்துக்கொண்டு வருகிறவருக்கு. பெயரைத் தொட்டால் குறிப்பு எழுத இடம் தரும் ஆப் என்றால், 'ஃபிளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் பிளஃப் (வெறுங்கை மிரட்டல்)' என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

கேள்வி: கையில் இரண்டு ஆஸ். ஃபிளாப்பில் சும்மா கால் செய்தவர் டர்னில் ரைஸ் செய்கிறார். ஆல்-இன் (கையிருப்பு மொத்தமும்) போகலாமா?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அது ஒரே ஒரு ஜோடிதான் தாயி. ராத்திரி முழுக்க அமைதியாக இருந்தவர் டர்னில் எழுந்தால் பெரும்பாலும் இரண்டு ஜோடி, இல்லையென்றால் செட். ரைஸ் சின்னதாக இருந்தால் கால் செய்து ரிவரைப் பாருங்கள். அங்கேயும் பெரிதாக அடித்தால் விடுங்கள். கண்டபடி அடிக்கிற ஆள் என்றால் கணக்கு வேறு: கால், மறுபடி கால். திருப்பி ரைஸ் செய்து அவருடைய பிளஃபை நீங்களே துரத்தாதீர்கள்.

கேள்வி: இதையே காசு கட்டி ஆட ஆப் உண்டா?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் காசு கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் தடை செய்கிறது, திறமை ஆட்டம் என்ற வாதத்துக்கும் இடமில்லை. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டு ஆப் என்று யாராவது லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள். போட்ட பணம் திரும்பி வராவிட்டால் போய்க் கேட்க ஒரு இடம் கிடையாது.